வால் கூண்டின் கதவு

சனிக்கிழமை மாலை நாலரை மணி. தார்ப்பாயின் கடைசிக் கயிற்றை அவிழ்த்து ஃபர்ஹானா ஒரு இழுப்பு இழுத்தாள். தார்ப்பாய் முழுதாகச் சரிந்து மல்லாட்டைச் செடிகள்மேல் விழுந்தது. பழைய விமானத்தின் வாலிலிருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுடைய அத்தா உட்கார்ந்திருந்தார். நெற்றி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் போட்ட கூச்சலில் ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடி வந்தார்கள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் அந்த விமானத்தைப் பார்க்காமல் யாரும் போக முடியாது. உலகப் போர்க் காலத்து நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். ஹோட்டல் முதலாளி விருத்தாசலம் அதைப் பழைய இரும்பு ஏலத்தில் வாங்கித் துண்டு துண்டாக டிரெய்லரில் ஏற்றிவந்து, ஹோட்டலுக்குப் பின்னால் நிலக்கடலை போட்டிருந்த தன் மல்லாட்டைக் கொல்லையில் நிறுத்திவிட்டார். ஊரே சிரித்தது. சிரித்தவர்களே பிறகு டிக்கெட் வாங்கி, பைலட் சீட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வெட்கம் கெட்ட ஜனம், வேறென்ன சொல்வது!

துண்டுகளை மறுபடி விமானமாக்கியவர் ஜகபர் சாதிக். கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் விமானக் கொட்டகைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த மெக்கானிக். அவர் மகள் ஃபர்ஹானா, வருகிறவர்களுக்கு விமானத்தைச் சுற்றிக்காட்டுகிறவள். இப்போது அந்த மெக்கானிக் செத்துப்போயிருந்தார்.

இன்ஸ்பெக்டர் கலைப்பிரியா வந்து இறங்கியபோது உடலைக் கூண்டிலிருந்து எடுத்திருந்தார்கள். ஏட்டு சின்னதுரை கேஸை முடித்தே வைத்திருந்தார்.

"சிம்பிள் மேடம். கத்திரி வெயில்ல பதினோரு மணிக்கு விமானத்த மூடிடுவாங்க. கண்ணாடி வெடிச்சிடும்னு இந்தப் பொண்ணு தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கு. உள்ள அப்பன் உக்காந்துக்கினு இருக்கறதப் பாக்கல. அனல்ல மனுஷன் போய்ட்டாரு. கவனக்குறைவால மரணம். பொண்ணு மேலதான் கேஸ் வரும்."

"அது இன்னா சொல்லுது?"

"அதேதான் சொல்லுது. 'நான்தான் கொன்னுட்டேன், என்னை இட்டுக்கினு போங்க'ன்னு."

ஃபர்ஹானா ஹோட்டலின் பாத்திரக் கொட்டகையில், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சபியா பீவி கோட்டக்குப்பத்திலிருந்து போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் எடுக்கவில்லை.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கினு மேடம் பேசறது? உன் புருஷன நான்தான் மூடி வெச்சுக் கொன்னேன்னு சொல்லவா?"

கலைப்பிரியா அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். "அழுவறதுன்னா அழுதுட்டுச் சொல்லும்மா. நான் போமாட்டேன். காலைல இன்னா நடந்துச்சு?"

"எப்பவும் போலத்தான். ஆளுங்க போனதும் வால் கூண்ட மூடினேன். தார்ப்பாய்ல ரெண்டு கை வெச்சுத் தெச்சிருக்கும் மேடம், சட்டைக் கை மாதிரி. துப்பாக்கிக் குழல் ரெண்டையும் அதுல நுழைச்சு, பக்கத்துல இருக்கற வளையத்துல கயித்தக் கட்டிட்டேன். உள்ள எட்டிப் பாக்கல. போன்ல ஃப்ரெண்டுகிட்ட பேசிக்கினே கட்டினேன். பாத்திருந்தா…"

"அத்தாவ அப்புறம் தேடலயா?"

"சாப்ட வரல. போன் அடிச்சேன், எடுக்கல. திண்டிவனம் பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருப்பாருன்னு நெனச்சேன்."

"சாயங்காலம் தொறந்தப்போ?"

"கயித்த அவுத்தேன். ஒரே இழுப்புல வந்துடுச்சு. அத்தா… நான் கத்தினேன். சீனு அண்ணன்தான் மொதல்ல ஓடியாந்து விமானத்துக்குள்ள போனாரு. 'டணக்'னு ஒரு சத்தம். 'கதவு செவத்தப் பாத்து நிக்குது, தொறக்க முடியல'ன்னு கத்தினாரு. அப்புறம் எல்லாருமா கூண்டத் திருப்பி அத்தாவ எடுத்தாங்க."

சீனு என்பது மேனேஜர் சீனுவாசன். கோலியனூர்க்காரர். ஹோட்டலையும் விமான டிக்கெட்டையும் ஒன்றாகக் கவனித்துக்கொள்பவர்.

விமானத்தில் ஏறப் பக்கவாட்டில் ஓர் இரும்புப் படி. கலைப்பிரியா காலை வைக்கப் போனாள். விருத்தாசலம் கைகூப்பிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. ஷூவக் கழட்டிட்டு ஏறுங்க. கற்பூரம் ஏத்தி, பூசணிக்கா ஒடச்சு நிறுத்தினது. எனக்கு இது சாமி மாதிரி. கலெக்டரே வந்தாலும் செருப்போட ஏத்தமாட்டேன்."

"வெயில் நேரத்துல கால் சுடாதா?"

"அதான் மூடிடறோமே. ஆளுங்க வர்ற நேரத்துல படியில ஈரச் சாக்கு, உள்ள தென்னநார் பாய் போட்டுடுவோம். மூடறப்ப சுருட்டி வெச்சிடுவோம். ஜகபர் பாய்க்கு மட்டும் உள்ள போட்டுக்க தனியா ஒரு கேன்வாஸ் ஷூ. அது வெளிய மண்ணையே மிதிச்சதில்ல."

முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றினாள் கலைப்பிரியா. ஈரச் சாக்கில் கால் வைத்து ஏறினாள். ஃபர்ஹானாவையும் கூட அழைத்துக்கொண்டாள். உட்கார்ந்து அழுவதைவிட அந்தப் பெண் ஏதாவது பேசினால் தேவலை என்று பட்டது.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியவில்லை. குறுக்கே ஓடும் இரும்புத் தூலத்தைத் தாண்ட வயிற்றால் ஊர்ந்தாக வேண்டும். ஏழு பேர் இதற்குள் இரவெல்லாம் பறந்தார்களாம்! மூக்கு நுனியில் குப்புறப் படுத்துக் குண்டு போடுகிறவர். மேலே பைலட்டும், பக்கத்தில் மடக்கு சீட்டில் எஞ்சினியரும். பிறகு மேஜையோடு வழிகாட்டி, அடுத்து ரேடியோக்காரர். நடுவில் கூரையிலிருந்து தொங்கும் பட்டையில் உட்கார்ந்து சுடுகிறவர். எல்லோருக்கும் கடைசியில், யார் முகத்தையும் பார்க்க முடியாத இடத்தில், வால் கூண்டுக்காரர்.

ஒவ்வோர் இடத்திலும் கோடாலி, ஆக்சிஜன் உருளை, முதலுதவிப் பெட்டி என்று அதனதன் சாமான். ஒவ்வொன்றையும் சுற்றி மஞ்சள் பெயின்ட்டில் கோடு.

"அத்தா போட்டது. துபாய்ல அப்படித்தானாம். ஒரு சாமான் இல்லேன்னா மஞ்சக் கட்டம் காலியா தெரிஞ்சிடும்."

எல்லாச் சாமானும் கோட்டுக்குள் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. வழிகாட்டி மேஜையில் திசைகாட்டி மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கோட்டுக்கும் அதற்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடம். கலைப்பிரியா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். ரேடியோ மேஜையில், மஞ்சள் கட்டத்துக்குள் ஜகபரின் போன் இருந்தது. ஃபர்ஹானா அழைத்த அழைப்புகள் எல்லாம் அதில் அப்படியே நின்றன.

"போன ஏன் இங்க வெச்சாரு?"

"கூண்டுக்குள்ள போறப்ப பாக்கெட்ல பேனாகூட வெக்கமாட்டாரு மேடம். பல் சக்கரத்துல விழுந்துடும்னு."

வால் கூண்டு முழங்காலை மடக்கினால் ஓர் ஆள் உட்காரும் அளவு. முன்னால் கண்ணாடி. வெளியே நீட்டியபடி இரண்டு துப்பாக்கிக் குழல்கள். முதுகுக்குப் பின்னால் கதவு. கூண்டு நேராக நின்றால் கதவைத் திறந்து விமானத்துக்குள் வந்துவிடலாம். பக்கவாட்டில் பாதி திரும்பிவிட்டால் கதவுக்கு எதிரே விமானத்தின் தகரச் சுவர்தான். திறக்க வழியில்லை. ஜகபர் கிடைத்தபோது கூண்டு பாதி திரும்பித்தான் நின்றது. திருப்புவதற்கு உள்ளே ஒரு கைப்பிடி உண்டு. அதைத் துளையில் மாட்டிப் பிடித்தபடியே செத்திருக்கிறார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது.

"பாராசூட் ஏன் வெளிய தொங்குது?" கூண்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் மாட்டியிருந்த பையைக் காட்டிக் கேட்டாள் கலைப்பிரியா.

"உள்ள இடமில்ல மேடம். ஆபத்துன்னா கதவத் தொறந்து, எட்டி எடுத்துக்கணும்."

"கதவு தொறக்கலன்னா?"

"அவ்ளோதான்." சொல்லிவிட்டு ஃபர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். கலைப்பிரியாவுக்குத் தன் நாக்கையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கதவுக்குப் பக்கத்தில் தரையோரமாக ஒரு லீவர் இருந்தது. அதை இறக்கினால் கூண்டு அசையாமல் பூட்டிக்கொள்ளும் என்றாள் ஃபர்ஹானா. கலைப்பிரியா இறக்கிப் பார்த்தாள். மெல்ல இறங்கியது. தூக்கியபோது ஸ்பிரிங் அடித்து 'டணக்' என்றது.

அப்புறம் கூண்டின் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தாள். பல் சக்கரமெங்கும் புதுக் கிரீஸ். ஒற்றை விரலுக்கே கைப்பிடி வழுக்கிக்கொண்டு சுழன்றது.

கீழே இறங்கி மூன்று பேரை விசாரித்தாள். ஜெனரேட்டர் பார்க்கும் ராயப்பன், உச்சிவேளையில் கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு ஹோட்டலுக்குள் போனதாகச் சொன்னார். ஜெனரேட்டர் வாலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது ஓடினால் காதில் வேறொன்றும் விழாது. விருத்தாசலம் மதியம் முழுக்கக் கல்லாவில் இருந்தார். சீனுவாசன் கைகழுவும் குழாயடியில், ஓடும் தண்ணீரில் நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"மூடினப்புறம் விமானத்துப் பக்கமே போவல மேடம். பேனர் அடிக்க விழுப்புரம் போய்ட்டேன். நாலு மணிக்குத்தான் வந்தேன்."

"மொதல்ல உள்ள ஓடினது நீங்கதான? லாக் போட்டிருந்துச்சா?"

"இல்லியே. கூண்டு சும்மாதான் நின்னுக்கினு இருந்துச்சு. பாவம், பாய்க்கு மயக்கம் வந்து சுத்த முடியாமப் போயிருக்கும்."

"ஏன் தண்ணியிலேயே நிக்கிறீங்க?"

"வெயில் மேடம்! பேஜாராப் போச்சு."

திரும்பிப் போகும்போது ஜீப்பில் சின்னதுரை கேட்டார்: "எஃப்.ஐ.ஆர்.ல பொண்ணு பேரப் போட்டுடலாமா?"

"அவசரப்படாதீங்க ஏட்டய்யா. நாளைக்கு உச்சில வர்றோம். நான் அந்தக் கூண்டுல உக்காந்து பாக்கணும்."

"உங்களுக்கு இன்னா தலையெழுத்து மேடம்?"

ஞாயிறு, உச்சிவேளை. படியில் சாக்கு இல்லை, உள்ளே தென்னைநார்ப் பாய் இல்லை. எல்லாம் நேற்று மூடியபோது இருந்தது போலவே. கலைப்பிரியா ஷூவோடு ஏறினாள். இன்றைக்கு விருத்தாசலத்தின் சாமி பொறுத்துக்கொள்ளட்டும். கூண்டில் உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.

சொல்லிவைத்தபடி சின்னதுரை வெளியிலிருந்து துப்பாக்கிக் குழலைப் பிடித்துத் தள்ளினார். செக்கு நுகத்தடி போல அது நகர, கூண்டு கிறுகிறுவென்று வலப்பக்கம் திரும்பிப் பாதியில் நின்றது. அவர் ஷூவோடு படியேறி உள்ளே போனார். கலைப்பிரியா சீட்டுக்கடியில் கைவிட்டுக் கைப்பிடியைத் தேடினாள். கிளிப்பிலிருந்து உருவி, துளையைத் தடவி மாட்டினாள். அதற்குள் லீவர் இறங்கிவிட்டது.

கைப்பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். முழங்காலால் உதைத்தாள். கதவைத் தள்ளினாள், தகரம் இடித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. மூச்சு இழுத்தால் சூடுதான் உள்ளே போனது. சும்மா சோதனைதான், சின்னதுரை வெளியேதான் இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. அவளையும் மீறி "ஏட்டய்யா!" என்று கத்தினாள். ஜெனரேட்டர் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவளுக்குத் தார்ப்பாய் இல்லாத வெளிச்சமாவது இருந்தது. அந்த மனுஷனுக்கு அதுவும் இல்லை. பயம் போய் ஆத்திரம் வந்தது.

கூண்டு படிப் பக்கம் பார்த்து நின்றதால் வெளியே நடப்பது தெரிந்தது. சின்னதுரை இறங்கிவந்து ஜெனரேட்டரை நிறுத்தி, மூன்று பேரையும் கூப்பிட்டு, "மேடம் மாட்டிக்கினாங்க, ஜல்தி போய்த் தொறந்து வுடுங்க!" என்று விரட்டினார். விருத்தாசலம் பதறி ஓடிவந்தார். அந்தப் பதற்றத்திலும் செருப்பைக் கழற்றினார். படியில் காலை வைத்தவர் துள்ளிக் குதித்து இறங்கினார். அடுத்து ராயப்பன். செருப்பே போட்டறியாத கால். அவரும் இரண்டாம் படியிலேயே "யப்பா!" என்று திரும்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்த சீனுவாசன் காலில் சாக்ஸ், அதன்மேல் ஷூ. நேற்று வெறும் செருப்போடு திரிந்தவர். அவர் ஷூவோடு படியில் ஏற, விருத்தாசலம் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "யோவ் சீனு! இத்தினி வருஷத்துல ஒரு நாள் ஷூவோட ஏறியிருக்கியா? கழட்டுய்யா!"

சீனுவாசன் படியிலேயே நின்றார். கழற்றவில்லை.

சின்னதுரை அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் லீவரைத் தூக்கினார். டணக். கலைப்பிரியா கைப்பிடியைச் சுழற்றி, கூண்டை நேராக்கி, கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்பமர நிழலில் நின்றாள். ஃபர்ஹானாவையும் அங்கே வரச் சொன்னாள்.

"ஷூவக் கழட்டுங்க சீனுவாசன்."

"மேடம், கால்ல சேத்துப்புண்ணு…"

"கழட்டுங்க."

சாக்ஸை உரித்தபோது மருந்துத் துணியும் கூடவே வந்தது. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் உடைந்து கிடந்தன.

"விமானத்துப் பக்கமே போவலன்னீங்க. சாக்கு இல்லாத நேரத்துல, உச்சி வெயில்ல, வெறுங்கால்ல இந்தப் படியில ஏறியிருக்கீங்க. ஒரு மனுஷன அடைச்சு வெக்கப் போறப்பவும், தெனமும் கழட்டற பழக்கத்துல கை தானா செருப்பக் கழட்டிடுச்சு. படி சுட்டப்புறம் எறங்கி மாட்டிக்கினு வர நேரமில்ல. அதுக்குள்ள பாய் கைப்பிடிய மாட்டிடுவாரே!"

"இது தார் ரோட்டுல சுட்டது மேடம்."

"சரி, கால வுடுங்க. கைப்பிடிக்கு வருவோம். மயக்கம் வந்து சுத்த முடியலன்னீங்க. பாய் புதுசா கிரீஸ் போட்டிருக்காரு. ஒரு விரல் போதும் அதச் சுத்த. உள்ளங்கை உரியற அளவுக்கு இழுத்த ஆளு மயங்கியா கெடந்தாரு? கூண்டு பூட்டியிருந்துச்சு. பூட்டற லீவர் வெளிய இருக்குது. லாக் போடலன்னு நேத்து சொன்னீங்க. ஆனா நீங்க உள்ள போனதும் 'டணக்'னு கேட்டிருக்குது. அது லீவரத் தூக்கற சத்தம். மொதல் ஆளா ஓடினது அவர எடுக்க இல்ல, பூட்ட எடுக்க."

சீனுவாசன் உரித்த சாக்ஸை மறுபடி காலில் மாட்டப் பார்த்தார். விருத்தாசலம்தான் கேட்டார்: "பாய் மேல இவனுக்கு இன்னா மேடம் பகை?"

"உள்ள திசைகாட்டி இருக்கே, அது பழசு இல்ல. பாய் கோடு போட்டா பொருள ஒட்டிப் போடறவரு. அதச் சுத்தி மட்டும் ஒரு விரல் இடம் காலி. ஒரிஜினல வித்துட்டு, அளவு பாக்காம டூப்ளிகேட்ட வெச்சிருக்காரு. பாய் கண்டுபிடிச்சுட்டாரு. சரிதான சீனுவாசன்?"

சீனுவாசன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள நீயே மொதலாளிகிட்ட சொல்லிடு, இல்லேன்னா நான் சொல்றேன்னாரு மேடம். விழுப்புரத்துல குடுத்தவன்கிட்ட திருப்பி வாங்கியாந்து வெச்சிடலாம்னு நெனச்சேன். அது வரைக்கும் யார்கிட்டயும் பேசாம உள்ள இருக்கட்டும்னு… ரெண்டு மணி நேரத்துல தொறந்துடலாம்னுதான்… அவன் வரவே லேட்டாய்டுச்சு. சாவடிக்கணும்னு நெனக்கல மேடம்."

"கத்திரி வெயில்ல, கண்ணாடிக் கூண்டுல, தார்ப்பாய்க்கு அடியில!" என்றாள் கலைப்பிரியா. "நாலு மணிக்கு வந்தீங்களே, ஓடிப் போய்த் தொறந்தீங்களா? இந்தப் பொண்ணு வந்து தொறக்கட்டும், பழி அது தலையில வுழட்டும்னு டீ குடிச்சிக்கினு நின்னீங்க. ஏட்டய்யா, இட்டுக்கினு போங்க இவர."

ஜீப் கிளம்பிப் போனது. விருத்தாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஹானா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அவரு பூட்டினாரு, சரி மேடம். ஆனா நான் பாக்காமத்தான மூடினேன்? எட்டிப் பாத்திருந்தா அத்தா அப்பவே வெளிய வந்திருப்பாரு."

"நீ மூடினப்போ குழல் ரெண்டும் தார்ப்பாய்க் கைக்குள்ள போச்சுல்ல?"

"ஆமா."

"கூண்டு நேரா இருந்தாத்தான அது நுழையும்?"

"ஆமா. திரும்பியிருந்தா, கையில குழல நுழைச்சா கயிறு வளையத்துக்கு எட்டாது."

"நேரா இருந்தா கதவு எந்தப் பக்கம் பாக்கும்?"

ஃபர்ஹானா வால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "விமானத்துக்குள்ள," என்றாள்.

"சாயங்காலம் ஒரே இழுப்புல வந்துச்சுன்ன. கை மாட்டியிருந்தா குழல்ல இருந்து உருவி எடுக்கணும், அப்படி வராது. நீ கட்டினத அவரு அவுத்து, குழலத் தள்ளி, மேல சும்மா போத்திக் கட்டியிருக்காரு. நீ மூடினப்போ உங்க அத்தா உள்ள இருந்தாரோ இல்லியோ, எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் அவருக்கு வழி தொறந்துதான் இருந்துச்சும்மா. நீ ஒண்ணும் அடைக்கல."

ஃபர்ஹானா கேட்கவே பயந்ததைக் கேட்டாள்.

"என்னைக் கூப்ட்டிருப்பாரா மேடம்?"

பொய் சொல்லிவிடலாம். கலைப்பிரியாவுக்கு அது சுலபம்தான். ஆனால் சற்றுமுன் அதே கூண்டுக்குள்ளிருந்து கத்தியவள் அவள்.

"கூப்ட்டிருப்பாரு. நானே கத்தினேன். பக்கத்துல நின்ன ஏட்டய்யாவுக்கே கேக்கல. உனக்குக் கேட்டிருக்காது."

அப்போதுதான் ஃபர்ஹானா அழுதாள். நேற்றிலிருந்து அழுததெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்ட அழுகை. இது செத்துப்போன அத்தாவுக்கான அழுகை. கலைப்பிரியா அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். யூனிஃபார்மில் இருக்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் ஃபர்ஹானா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்போ அடக்கம் பண்ணக் குடுப்பாங்க?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல. வண்டி கோட்டக்குப்பத்துக்கு நேரா போய்டும்."

அவள் போனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். அங்கே முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா," என்றாள் ஃபர்ஹானா. "நான் வூட்டுக்கு வர்றேம்மா. அத்தாவ இட்டுக்கினு வர்றேன்."